ஆயிரம் ஆண்டுப் பகை என்று சொல்லிவிட்டால் முடிந்ததா?

நேற்று எல்லோரும் பகிர்ந்துகொண்டிருந்த, மத்தியக் கிழக்கின் சண்டைகள் பற்றிய அந்த விவாதக் காணொளித் துணுக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். யார், எந்த நிகழ்ச்சி என்றெல்லாம் விளக்கப்போவதில்லை. என் நட்பு வட்டத்தில் அதைப் பார்க்காதவர்கள் இருக்க வாய்ப்பில்லை. "இவர்கள் ஆயிரம் ஆண்டுகளாக ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருப்பவர்கள், நாம் என்ன செய்ய முடியும்?" என்று அதில் பேசியவர் தோளைக் குலுக்கினாரே, அந்த இடம். அவர் சொன்னதில் எனக்கு அதிர்ச்சி இல்லை. 2016 ஜனவரியில் ஒபாமாவே தன் ஆண்டு உரையில், மத்தியக் கிழக்கின் கொந்தளிப்புக்கு வேர் பல்லாயிரம் ஆண்டு மோதல்களில் இருக்கிறது என்றார். ஈராக் போரை எதிர்த்த மனிதர் அவர்! எனக்கு வலித்தது வேறு. அந்தத் துணுக்கின் கீழே நம்மவர்கள் வரிசையாக வந்து "சரியாகச் சொன்னார்" என்று எழுதியிருந்ததுதான் வலித்தது.

எது சரி? ஆயிரம் ஆண்டு என்று சொல்லிவிட்டால் 1916ஐப் பற்றிப் பேச வேண்டாம், 1920ஐப் பற்றிப் பேச வேண்டாம், 2003ஐப் பற்றிப் பேசவே வேண்டாம். அதற்காகத்தான் அந்த ஆயிரம்.

1916ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மே மாதம் மார்க் சைக்ஸ் என்ற ஆங்கிலேயரும் ஜார்ஜ் பிக்கோ என்ற பிரெஞ்சுக்காரரும் அரபு நிலத்தை ரகசியமாகப் பங்கு பிரித்தார்கள். அதற்குச் சற்று முன்புவரை அதே பிரிட்டன் மக்காவை ஆண்ட ஷரீப் ஹுசைனுக்கு அரபு விடுதலை என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. அதே மே மாதத்தில் பிரான்சின் வெர்டனில் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்தார்கள். அந்த ஒரு போரில் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் மாண்டார்கள். ஐரோப்பியரின் ரத்தத்திலேயே பகை ஊறியிருக்கிறது என்று யாராவது எழுதினார்களா? அங்கே நடந்தால் அதற்குக் காரணங்கள் உண்டு, தேதிகள் உண்டு, பொறுப்பான தலைவர்கள் உண்டு. அரபு நாட்டில் நடந்தால் மட்டும் அது பிறவிக் குணம்.

1920இல் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஈராக் எழுந்தது. அந்த ரமலானில் பாக்தாத்தில் இஸ்லாத்தின் இரு பெரும் பிரிவினரான சுன்னிகளும் ஷியாக்களும் ஒருவர் பள்ளிவாசலுக்கு மற்றவர் சென்று ஒன்றாகக் கூட்டம் நடத்தினார்கள். சுன்னிகள் நபியைப் புகழ்ந்து ஓதும் மவ்லிதும், ஷியாக்களின் கர்பலா துக்கமும் ஒரே கூட்டத்தில். பிரிட்டன் விமானங்களை அனுப்பிக் குண்டு வீசித்தான் அந்த எழுச்சியை அடக்கியது. அடுத்த ஆண்டு அமைந்த அரசில் நிதித்துறையை வகித்தவர் சாசூன் எஸ்கேல் என்ற யூதர். ஆயிரம் ஆண்டுப் பகை அப்போது எங்கே போயிருந்தது?

என் முஸ்லிம் பெயரைப் பார்த்ததுமே "நீ அப்படித்தான் பேசுவாய்" என்று எழுதப்போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். எழுதுங்கள். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியதுதான். ஆனால் நான் சொன்ன தேதிகளில் எது தவறு என்றும் சேர்த்து எழுதுங்கள்.

ஷார்ஜாவில் வேலை பார்த்த காலத்தில் பக்கத்து மேசையில் ஒரு பாக்தாத்காரர் இருந்தார், கட்டுமானப் பொறியாளர், என்னைவிட மூத்தவர். உலர்ந்த எலுமிச்சையை உடைத்துப் போட்டுக் கொதிக்கவைத்த பானத்தை, இடுப்பு சிறுத்த கண்ணாடிக் குவளையில் ஊற்றித் தருவார். நூமி பஸ்ரா என்பார். ஒரு மாலை பர்ஸிலிருந்து இரண்டு அடையாள அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டிலும் அவர் படம்தான். ஒன்றில் உமர் என்ற சுன்னிப் பெயர், மற்றொன்றில் ஹைதர் என்ற ஷியாப் பெயர். 2006 பிப்ரவரியில் சமாராவில் ஷியாக்களின் பொற்கூரைத் தலம் தகர்க்கப்பட்ட பிறகு, சோதனைச் சாவடியில் பெயரைப் பார்த்தே ஆட்களை இறக்கிக் கொன்ற நாட்களில் வாங்கிய போலி அட்டை, அந்த இரண்டாவது. அவருடைய அம்மா ஷியா, அப்பா சுன்னி. ஷியாக்களின் துக்க மாதமான முஹர்ரத்தில் அம்மா கீமா சமைப்பாராம், அப்பா தெரு முழுக்கக் கொண்டுபோய்க் கொடுப்பாராம். "என் பள்ளிக்கூடத்தில் யார் எந்தப் பிரிவு என்று எனக்கே தெரியாது" என்றார். அந்த அட்டைகளை அவர் திரும்ப உள்ளே வைத்தபோது விரல்கள் நடுங்கின.

அவருக்கு இரண்டாவது அட்டையை வாங்க வைத்தது எது? 2003இல் ஈராக்மேல் படையெடுத்துப் பிடித்த அமெரிக்கா, அந்த ஜூலையில் 25 பேர் கொண்ட ஆட்சிமன்றம் அமைத்தது. ஷியா 13, சுன்னி அரபு 5, குர்து 5, துர்க்மன் 1, அசீரியக் கிறிஸ்தவர் 1. கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளரைக்கூட ஷியாக் கணக்கில்தான் சேர்த்தார்கள்! கடவுளை நம்பாத கட்சியின் தலைவருக்கே பிரிவு பார்த்து இடம் கொடுத்துவிட்டு, பிறகு இவர்கள் பிரிவு பார்த்துச் சண்டையிடுகிறார்கள் என்று தோளைக் குலுக்குகிறார்கள்.

"அப்படியானால் சதாம் நல்லவரா? ஹலப்ஜாவை மறைக்கிறாயா?" என்று கேட்பீர்கள். மறைக்கவில்லை. 1988இல் ஹலப்ஜா என்ற குர்து ஊரில் நச்சுவாயுவால் மக்களைக் கொன்றவர் சதாம்தான். 1941இல் பாக்தாத் யூதர்கள்மேல் நடந்த கொலைவெறியும் ஈராக்கியர் செய்ததே. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1983இல் அமெரிக்கத் தூதராகப் போய் அதே சதாமின் கையைக் குலுக்கியவர் ரம்ஸ்ஃபெல்ட். 20 ஆண்டு கழித்து அவர் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோதுதான் பாக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. சுமார் 15,000 பொருட்கள் போயின. எண்ணெய் அமைச்சகத்துக்கோ அமெரிக்கக் காவல் இருந்தது. சூறையாடலைப் பற்றிக் கேட்டதற்கு, இப்படியெல்லாம் நடக்கும் என்றார் ரம்ஸ்ஃபெல்ட்.

இதை நினைத்தால்தான் ஆத்திரம் தாங்கவில்லை. பாபிலோனின் இஷ்தார் வாயில் பெர்லினில் இருக்கிறது. ஹம்முராபியின் கல் பாரிஸில் இருக்கிறது. அசீரியாவின் சிறகு முளைத்த காளைகள் லண்டனில். அங்கே வரிசையில் நின்று பார்த்து மனிதகுலத்தின் தொட்டில் என்று உருகுகிறார்கள். பழம்பெருமை எல்லாருக்கும் சொந்தம், பழம்பகை மட்டும் அந்த மண்ணில் பிறந்தவனுக்கா?

அந்தத் துணுக்கைப் பகிர்ந்தவர்களில் ஒருவர் வருடா வருடம் என் வீட்டு நோன்புக் கஞ்சிக்கு வருகிறவர். போனில் பேச மனம் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். பதிவை நீக்குங்கள் என்று கேட்க மாட்டேன். இனி ஆயிரம் ஆண்டு என்று எழுதினால், எந்த ஆண்டு, எந்த ஊரில், யார் யாரைக் கொன்றார்கள், அன்று அங்கே ஆட்சி யாருடையது என்று கீழே வந்து கேட்பேன். நண்பர் என்பதற்காக விட மாட்டேன்.