ஸ்டேஷன் கேமராவுக்கு வணிகர் சங்கம் ஏன் பணம் தரணும்?

எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு முக்கில் நாலு பேரிகேட் நிற்கிறது. மேலே சின்னதாகக் "காவல்துறை". கீழே கொட்டை எழுத்தில் ஒரு ஜவுளிக்கடை பெயர், போன் நம்பரோடு. தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இதே கதைதான், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு மட்டும் உறுத்துகிறது. அந்தத் தடுப்பை வைத்துக்கொண்டுதான் ஒரு ஏட்டையா என் வண்டியை ஓரம் கட்டச் சொல்கிறார். அந்த அதிகாரம் அரசாங்கத்துடையது. அதில் ஒரு முதலாளியின் விளம்பரத்துக்கு என்ன வேலை?

போன சங்கக் கூட்டத்தில் நான் எதிர்த்துப் பேசியதில் சிலருக்கு வருத்தம். "போலீஸுக்கு உதவ மாட்டேன்னு சொல்றவன் நாளைக்கு கடையில திருடு போனா எங்க போவான்?" என்று ஒரு அண்ணன் கேட்டார். அன்றைக்கு நேரம் இல்லை, அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். புதிதாக வந்திருக்கும் இன்ஸ்பெக்டர் கூட்டத்துக்கு வந்திருந்தார். நேர்மையானவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடைத்தெரு கேமராவில் பாதி ஓடவில்லை, ஸ்டேஷனில் டிவிஆர் (கேமரா படத்தைப் பதிந்து வைக்கும் பெட்டி) போய்விட்டது, நீங்களெல்லாம் சேர்ந்து ஏதாவது செய்து கொடுங்கள் என்றார். தனக்கென்று ஒரு டீ கூட அவர் கேட்கவில்லை. உடனே ஒரு பெரிய கடைக்காரர் எழுந்து, "மொத்தமும் நானே பண்ணித் தர்றேன் சார்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். சிசிடிவி விற்பதும் மாட்டித் தருவதும் என் தொழில். அந்த ஆர்டர் பெரும்பாலும் எனக்கே வந்திருக்கும். ஆனாலும் எதிர்த்தேன்.

காரணம், எங்க வீட்டுப் பெண் ஒருத்திக்கு வேறொரு ஊரில் நடந்தது. அவள் ஒரு கடையில் பில் போடும் வேலையில் இருந்தாள். மூன்று மாதச் சம்பளம் நிறுத்தி, கேட்டதற்கு மேனேஜர் கை ஓங்கியிருக்கிறான். புகார் கொடுக்க நானும் கூடப் போனேன். ரைட்டர் மேஜைக்கு எதிரே எங்களை உட்காரச் சொன்னார்கள். அந்த நாற்காலியின் முதுகில் பெயிண்டால் "உபயம்" என்று எழுதி அதே கடையின் பெயர். சுவர்க் கடிகாரத்தில் அதே பெயர். மனுவை வாங்கிப் படித்த எஸ்.ஐ., "ஏம்மா, அவங்க நம்ம ஸ்டேஷனுக்கு எவ்வளவோ செஞ்சிருக்காங்க, கூப்பிட்டுப் பேசி முடிச்சுக்கலாமே" என்றார். புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் வாங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அந்த எஸ்.ஐ. கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். வாங்கியவருக்குக் கொடுத்தவரிடம் ஒரு தாட்சண்யம் வந்தே தீரும், மனுஷ சுபாவம் அது. கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதினால் சாமி ஒரு பக்கம் சாயாது. ஸ்டேஷன் சாயும்.

சரி, பிறகு யார் தருவது? போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கும் துறை. ஒவ்வொரு வருஷமும் சட்டமன்றத்தில் காவல் மானியக் கோரிக்கை வருகிறது, கொள்கை விளக்கக் குறிப்பு வெளியாகிறது. மத்திய உள்துறையிடம் மாநிலப் போலீஸை நவீனப்படுத்தும் திட்டம் ஒன்று 1969-70இலிருந்தே இருக்கிறது. 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்து வருஷத்துக்கு இதற்கு மத்தியப் பங்காக ஒதுக்கியது 4,846 கோடி ரூபாய். நம்மைப் போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதம். பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதி தனி. 2013 பட்ஜெட்டில் 1,000 கோடியோடு தொடங்கியது அது. நாடு முழுக்க 10,000 காவல் நிலையங்களில் பெண்கள் உதவி மையம் அமைக்க அதிலிருந்து 100 கோடி கொடுத்தார்கள். பாதுகாப்பான நகரம் திட்டத்தில் சேர்ந்த எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று.

இந்த மானியம் தானாக வீடு தேடி வராது. மாநிலம் வருஷா வருஷம் என்னென்ன தேவை என்று செயல்திட்டம் எழுதி டெல்லிக்கு அனுப்ப வேண்டும். வாங்கிய பணத்தைச் செலவழித்ததற்குப் பயன்பாட்டுச் சான்று போக வேண்டும். அது போகாவிட்டால் அடுத்த தவணை நிற்கும். அதற்கெல்லாம் முன்னால், இந்த ஸ்டேஷனில் டிவிஆர் ஓடவில்லை என்ற தகவல் எழுத்தில் எஸ்.பி. ஆபீஸுக்கும் அங்கிருந்து டிஜிபி ஆபீஸுக்கும் போக வேண்டும். நாம் இங்கே கைதட்டி ஒரு டிவிஆர் வாங்கிக் கொடுத்துவிட்டால், அந்தக் கடிதத்தை யார் எழுதுவார்கள்? தேவையே இல்லை என்று ஆகிவிடும். நம் தாராளத்தால் அடுத்த வருஷப் பட்டியலிலிருந்து எங்க ஸ்டேஷன் விடுபட்டுப் போகும். பணக்காரக் கடைத்தெரு இல்லாத கிராமத்து ஸ்டேஷனுக்கோ கைதட்டவும் ஆள் கிடையாது, கேட்கவும் ஆள் கிடையாது.

அடுத்தது ஹார்டு டிஸ்க் விஷயம். இதை என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன், தயவுசெய்து படியுங்கள்.

2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாசல், லாக்கப், வராந்தா, வரவேற்பறை, இன்ஸ்பெக்டர் அறை, கழிப்பறைக்கு வெளியே, பின்பக்கம் என்று ஓர் இடம் விடாமல் கேமரா வேண்டும். இருட்டிலும் தெரிய வேண்டும், குரலும் பதிவாக வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில்கூட ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது. கரண்ட் இல்லாத ஊரென்றால் சோலார் போட்டாவது கொடு என்று அரசுக்கு உத்தரவு.

இப்போது கணக்குப் போடுங்கள். சாதாரண 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று நாளுக்குச் சுமார் 15 ஜிபி பிடிக்கும். ஒரு ஸ்டேஷனுக்குப் 12 கேமரா, 18 மாதம் என்றால் கிட்டத்தட்ட 100 டிபி. நன்கொடையாக வரும் டிவிஆரில் 1 டிபி அல்லது 2 டிபி டிஸ்க்தான் இருக்கும். ரெண்டு வாரம்கூடத் தாங்காது, பழையது அழிந்து புதியது ஏறும். அதோடு முடியவில்லை. வோல்டேஜ் ஏறி இறங்கி அடாப்டர் போகும், பவர் சப்ளை பாக்ஸுக்குள் பல்லி புகுந்து போர்டு கருகும், எலி வயரைக் கடிக்கும். ஏ.எம்.சி. (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடாத கேமரா எத்தனை நாளைக்கு ஓடும் என்பது எங்களுக்குத் தெரியும். நன்கொடை கொடுப்பவர் திறப்பு விழா போட்டோவுக்குக் கொடுப்பார். அடுத்த வருஷ சர்வீஸ் பில்லுக்கு எவரும் கொடுக்க மாட்டார்.

சாத்தான்குளத்தை நாம் மறந்துவிட முடியுமா? 2020 ஜூனில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார்கள். அவர்களும் நம்மைப் போல் கடை வைத்திருந்தவர்கள்தான். அந்த ஸ்டேஷனில் கேமரா இருந்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில், 1 டிபி டிஸ்க்கில் இடம் இருந்தும் பதிவுகள் அன்றன்றைக்கே தானாக அழியும்படி செட் செய்திருந்ததாகவும், ஜூன் 19லிருந்து எதுவுமே இல்லை என்றும் எழுதினார். எல்லோருக்கும் தெரிய வந்த சங்கதி இது. கருவி வாங்க மட்டும் மானியம் கேட்டால் போதாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். அந்தப் பதிவு யார் கையில் இருக்கும், ஸ்டேஷனுக்கு வெளியேயும் ஒரு நகல் சேருமா, ஓடாவிட்டால் யார் பதில் சொல்வது என்பதெல்லாம் அந்தக் கோரிக்கையிலேயே இருக்க வேண்டும். 2025இல் திருப்புவனத்தில் போலீஸ் விசாரணையில் இறந்த கோயில் காவலாளி அஜித்குமாரை அடித்தது ஸ்டேஷனுக்குள்கூட இல்லை, மடப்புரம் கோயில் பக்கம். ஒருவர் ஒளிந்து நின்று மொபைலில் எடுத்ததால் உலகத்துக்குத் தெரிந்தது. ஆகவே விசாரணைக்கு வெளியே போகும் போலீஸாரின் சட்டையிலும் கேமரா வேண்டும். அதையும் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறேன்.

"மானியம் வர்ற வரைக்கும் திருடன் காத்திருப்பானா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் கடை வாசலில் ரோட்டைப் பார்த்து நாமே கேமரா வைப்போம். அது நம் சொத்து, போலீஸ் கேட்டால் பதிவைக் கொடுப்போம். சென்னையில் "மூன்றாவது கண்" என்று ஏ.கே. விஸ்வநாதன் கமிஷனராக இருந்தபோது கடைக்காரர்களையும் குடியிருப்போரையும் சேர்த்துச் செய்தார்கள், செயின் பறிப்பு வழக்குகளில் அது உதவியது. அதற்கு நான் முதல் ஆளாக நிற்பேன், எங்க தெருவுக்குக் கூலி வாங்காமல் மாட்டித் தருகிறேன். ஸ்டேஷன் வாசல்படிக்கு உள்ளே இருக்கும் பொருள் மட்டும், நாற்காலி முதல் டிவிஆர் வரை, அரசுப் பணத்தில் வரட்டும்.

சங்கத்துக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். எம்.எல்.ஏ.வுக்கும் எஸ்.பி.க்கும் உள்துறைச் செயலாளருக்கும் போக வேண்டியது. எங்க ஸ்டேஷனுக்குத் தேவையான கேமரா, சேமிப்பு, யூபிஎஸ், ஐந்து வருஷப் பராமரிப்பு, எல்லாவற்றுக்கும் மதிப்பீடு போட்டிருக்கிறேன். டெண்டர் வந்தால் நான் கலந்துகொள்ள மாட்டேன் என்பதையும் அதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்ஸ்பெக்டரிடம் காட்டினேன், "இத நானே மேல அனுப்புறேன் சார், ஆனா பின்னாடி சங்கம் நிக்கணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கையெழுத்து வாங்குகிறோம். வேறு ஊர்ச் சங்கத்துக்காரர்களுக்கு நகல் வேண்டுமானால் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.