செல்பேசி எண்களை யாரும் வெளியிடப் போவதில்லை

"இந்த மாதக் கடைசிக்குள் பதிவு செய்யாவிட்டால் உங்கள் செல்பேசி எண் விளம்பர நிறுவனங்களுக்குப் போய்விடும், தானியங்கி அழைப்புகள் குவியும்." அமெரிக்காவில் ஆண்டுக்கணக்காகச் சுற்றும் செய்தி இது. உண்மை இல்லை.

அரசு அப்படி எந்த எண்ணையும் கொடுப்பதில்லை என்று அந்நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான பெடரல் டிரேட் கமிஷனே தன் இணையதளத்தில் விளக்கியிருக்கிறது. விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்பவர்கள் தங்கள் எண்ணைப் பதியும், 2003-இல் தொடங்கிய 'டூ நாட் கால்' பட்டியலில் சேரக் கெடுவும் இல்லை, கட்டணமும் இல்லை. ஒருமுறை பதிந்தால் போதும், காலாவதி ஆகாது. டூநாட்கால் டாட் கவ் (donotcall.gov) தளத்திலேயே சரிபார்க்கலாம்.

அப்புறம் ஒன்று: இந்தப் பட்டியல், அழைப்புகளைத் தடுக்கும் கருவி அல்ல. மோசடிக்காரர்கள் அதை மதிப்பதே இல்லை. "அழைப்பு வேண்டாமென்றால் 2-ஐ அழுத்தவும்" என்று பதிவுக்குரல் சொன்னால் அழுத்தாதீர்கள். எண் பயன்பாட்டில் இருப்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். பேசாமல் துண்டித்துவிடுங்கள்.

இந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.