காசில்லாத ஒற்றர் படங்களும் பக்கத்து வீட்டு ரேடியோவும்

இரண்டு வாரமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தினம் ஒன்று என்று கணக்கு வைத்து, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே எடுத்த கறுப்பு வெள்ளை ஒற்றர் படங்களாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். பெரிய படங்கள் இல்லை. ஹாலிவுட்டில் அந்தக் காலத்தில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் போடுவார்கள். நட்சத்திரங்கள் இருக்கும் பெரிய படத்துக்குத் துணையாக ஒரு சின்னப் படம் ஓடும், 'பி' படம் என்று பெயர், ஒரு மணி நேரம், மிஞ்சினால் எழுபது நிமிடம். அதில் பல இன்று யூடியூபில் சும்மாவே கிடக்கின்றன. என் மனைவி இரண்டாவது நாளே எழுந்து போய்விட்டாள். "எல்லாப் படத்துலயும் அதே மாடிப்படிதான் வருது, ஆள்தான் வேற" என்றாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னது கிட்டத்தட்ட உண்மை. 1942-இல் அமெரிக்காவின் போர் உற்பத்தி வாரியம் ஒரு உத்தரவு போட்டது: ஒரு படத்துக்குப் புதிதாக செட் போட 5,000 டாலருக்கு மேல் பொருள் வாங்கக் கூடாது. மரம், ஆணி, துணி எல்லாம் போருக்குப் போக வேண்டும். பெரிய கம்பெனிகளே பழைய செட்டைத் தூசி தட்டிப் பெயின்ட் அடித்து ஓட்டின. அப்படியானால் ஏற்கனவே பஞ்சப்பாட்டு பாடிக்கொண்டிருந்த சின்னக் கம்பெனிகளின் கதி என்னவாக இருந்திருக்கும்!

காசு இல்லாததால் கற்பனை பெருகியது என்று இந்தப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். காசில்லாமல் எடுத்த படங்களில் முக்கால்வாசி பார்க்கச் சகிக்காது, நான் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எனக்குத் தோன்றுவது வேறு. கையில் காசில்லாதவன் போர்ப்படம் எடுத்தால் போர்க்களத்தைக் காட்ட முடியாது. டாங்கி கிடையாது, கப்பல் கிடையாது, விமானம் என்றால் செய்திப்படத்திலிருந்து வெட்டி ஒட்டிய அரை நிமிடம். மிச்சம் இருப்பது ஒரு வரவேற்பறை, ஒரு ரயில் பெட்டி, ஒரு இருட்டுச் சந்து, ஏழெட்டு நடிகர்கள். இதற்குள் எதிரியை எங்கே வைப்பது? அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவனாகத்தான் வைக்க முடியும். டீயை ஊற்றிக் கொடுக்கிறவன், பக்கத்து வீட்டுக்காரன், மேலதிகாரி. சந்தேகத்துக்கு செட் தேவையில்லை, முகங்கள் போதும். இந்தப் படங்களின் அழகும் இதில்தான் இருக்கிறது, அசிங்கமும் இதில்தான் இருக்கிறது.

ஷெர்லாக் ஹோம்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். யுனிவர்சல் கம்பெனி 1942-இல் அவரைக் குதிரை வண்டிக் காலத்திலிருந்து இழுத்து வந்து நேராக நாஜிகளுக்கு எதிரில் நிறுத்தியது. பேசில் ராத்போன் ஹோம்ஸ், நைஜல் புரூஸ் வாட்சன். பாரம்பரிய ரசிகர்கள் இன்றைக்கும் முகம் சுளிப்பார்கள், எனக்குப் பிடித்திருக்கிறது. 12 படம் எடுத்தார்கள், அதில் முதல் மூன்றும் போர்க்கால ஒற்றர் கதைகள். முதல் படத்தில் எதிரி யார் தெரியுமா? ரேடியோவில் வரும் ஒரு குரல். பிரிட்டனில் இன்ன இடத்தில் நாசவேலை நடக்கப் போகிறது என்று ஜெர்மன் வானொலியில் அந்தக் குரல் அறிவிக்கும், சொன்னபடியே நடக்கும். உளவுத்துறைப் பெரிய மனிதர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பெட்டியைப் பார்த்து விழித்துக்கொண்டிருப்பார்கள். இதைவிட மலிவாக ஒரு வில்லனைப் படைக்க முடியுமா? கடைசியில் பார்த்தால் துரோகி அந்த மேஜையிலேயே உட்கார்ந்திருப்பவன். (80 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, முடிவைச் சொன்னதற்கு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

மூன்றாவது படம் இன்னும் சுவாரசியம். ரகசிய ஆவணத்தை மைக்ரோபிலிமாக்கி, அட்டையில் தீக்குச்சி வைத்து மடித்திருப்பார்களே, அந்தச் சின்னத் தீப்பெட்டிக்குள் ஒளித்துவைத்துவிடுகிறார்கள். அது என்னவென்றே தெரியாத ஒரு பெண்ணிடம் போய்ச் சேருகிறது. ஒரு விருந்தில் கைக்குக் கை மாறுகிறது, ஒருவர் சிகரெட் பற்றவைக்கிறார், கீழே வைக்கிறார், இன்னொருவர் எடுக்கிறார். கேமரா அந்தத் தீப்பெட்டியை விடவே விடாது. நானும் விடவில்லை, கையிலிருந்த காபி ஆறிப்போனது. கடைசியில் அதற்காகக் கொலை வரைக்கும் போன வில்லன் கைக்கே அது வந்து சேர்ந்திருக்கும், அவனுக்கே தெரியாது. மொத்தச் செலவு ஒரு தீப்பெட்டி. இந்த வரிசையில் முதல் படம் தவிர மீதி 11 படங்களையும் இயக்கிய ராய் வில்லியம் நீலின் பெயரைச் சினிமா பேசுகிறவர்கள் வாயில் நான் அதிகம் கேட்டதே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

பிரிட்டிஷ்காரர்களுக்கு இன்னொரு வசதி: இருட்டு இலவசம். விமானத் தாக்குதலுக்குப் பயந்து லண்டனில் ராத்திரி முழுக்க விளக்கணைப்பு. மைக்கேல் பவல் 1940-இல் 'கான்ட்ராபேண்ட்' எடுத்தபோது அந்த இருட்டையே கதைக்களமாக்கிவிட்டார். பவல், தியேட்டர்களில் இத்தனை பங்கு உள்நாட்டுப் படம் ஓட வேண்டும் என்று பிரிட்டிஷ் சட்டம் வைத்திருந்த கோட்டாவுக்காக அவசர அவசரமாக எடுக்கும் மலிவுப் படங்களில் தொழில் கற்றவர், சிக்கனம் கைவந்த கலை. அதில் ஒரு சண்டை, பிளாஸ்டர் சிலைகள் அடுக்கிய கிடங்கில். எல்லாம் பிரதமர் சேம்பர்லினின் தலைகள். டேனிஷ் கப்பல் கேப்டனாக வரும் கான்ராட் வைட் அதில் ஒன்றைத் தூக்கி எதிரி மண்டையில் போடுவார். படம் வெளியானது 1940 மே, சேம்பர்லின் பதவி போனதும் அதே மே. தியேட்டரில் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த கான்ராட் வைட் நாஜிகளைச் சகிக்க முடியாமல் 1933-இல் ஜெர்மனியை விட்டு, யூத மனைவியோடு வெளியேறியவர். பிழைப்புக்கு ஹாலிவுட்டில் நாஜி வேடமாகவே கிடைத்தது, 1943-இல் போர் முடிவதைப் பார்க்காமலே போய்விட்டார். இது தனியாக ஒரு பதிவுக்குரிய விஷயம், விடுங்கள்.

சரி, அசிங்கத்துக்கு வருகிறேன்.

மோனோகிராம் என்று ஒரு கம்பெனி, ஹாலிவுட்டில் 'வறுமைச் சந்து' என்று கிண்டல் செய்யப்பட்ட கூட்டத்தில் ஒன்று. முத்துத் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு போட்டது 1941 டிசம்பர் 7. மூன்றே மாதத்தில், 1942 மார்ச்சில், பெலா லுகோசியை வைத்து 'பிளாக் டிராகன்ஸ்' என்று ஒரு படம் திரைக்கு வந்துவிட்டது. கதை என்ன என்றால், ஒரு நாஜி டாக்டர் ஜப்பானிய உளவாளிகளுக்கு முக அறுவை சிகிச்சை செய்து அமெரிக்கத் தொழிலதிபர்களாக மாற்றிவிடுகிறார்! அவர்களும் அசல் ஆட்கள் இடத்தில் உட்கார்ந்து நாட்டைக் கெடுக்கிறார்கள். நம்ம ஊரில் மரு ஒட்டிக்கொண்டு வந்தால் யாருக்கும் அடையாளம் தெரியாது, அதற்கு இது எவ்வளவோ மேல். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படு, எதிரில் இருப்பவன் முகம்கூட அவனுடையதாக இல்லாமல் இருக்கலாம் என்றுதானே இந்தக் கோமாளிப் படம் சொல்கிறது?

அதே 1942-இல் ஃபாக்ஸ் கம்பெனி எடுத்த 'லிட்டில் டோக்கியோ, யூ.எஸ்.ஏ.' பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. லாஸ் ஏஞ்சலீஸில் ஜப்பானிய வம்சாவளியினர் வாழ்ந்த பகுதியில் கடைக்காரர்கள், பெரிய மனிதர்கள் என்று பார்க்கிற இடமெல்லாம் ஒற்றர்கள். வில்லன் ஜப்பானியராக நடித்தவர் ஒரு வெள்ளைக்காரர். ஏன் வெள்ளைக்காரர்? ஜப்பானிய முகங்களைத் திரையில் விடும் வழக்கம் முன்பே குறைவு, இப்போதோ அந்த மக்களையே ஊரைவிட்டு அப்புறப்படுத்திவிட்டார்கள். 1942 பிப்ரவரி 19 அன்று ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவின் பேரில் சுமார் 1,20,000 பேரை முள்வேலி முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். தெருவில் ஆள் இல்லாததால் ராத்திரிக் காட்சிகளைப் பக்கத்தில் சீனர்கள் இருந்த பகுதியில் எடுத்தார்களாம். காலி செய்யப்பட்ட தெருவைப் பற்றி, காலி செய்தது சரிதான் என்று சொல்வதற்கு ஒரு படம்! அரசின் போர்த் தகவல் அலுவலகமே இது ரொம்ப ஓவர் என்று ஆட்சேபித்தது. 1988-இல் அமெரிக்கா சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தது. படம் மட்டும் அப்படியே இருக்கிறது, 64 நிமிடம், விறுவிறுப்பாகவே போகிறது. அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இந்த இடத்தில் நம்ம ஊருக்கு வந்துதான் ஆக வேண்டும், ஏனென்றால் நாமும் எடுத்திருக்கிறோம். போர்க்காலத்தில் இங்கே பிலிமுக்கு ரேஷன், படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது, போதாக்குறைக்குப் போர்ப் பிரசாரப் படமும் எடுத்துத் தர வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசின் நெருக்கடி. அப்படி வந்ததுதான் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'பர்மா ராணி', 1945. ஜப்பானியர் பிடித்து வைத்திருக்கும் பர்மாவில் மாட்டிக்கொண்ட இந்திய விமானப்படை வீரர்கள், அவர்களுக்கு உதவும் ராணியாக கே. எல். வி. வசந்தா. முதலாளியும் டைரக்டருமான டி. ஆர். சுந்தரமே ஜப்பானிய அதிகாரி வேடத்தையும் போட்டுக்கொண்டார். சம்பளம் மிச்சம்!

ஆனால் நான் சொல்லிக்கொண்டு வரும் 'எதிரி அறைக்குள்ளேயே இருக்கிறான்' என்ற விஷயத்தை அத்தனை பேரையும்விட நன்றாகச் செய்தவர் எஸ். பாலசந்தர், ஒன்பது வருடம் கழித்து, 'அந்த நாள்' படத்தில். அப்போது அவருக்கு வயது 27. பின்னாளில் வீணை என்றாலே நினைவுக்கு வந்த மனிதர், ஒரு பாட்டுகூட இல்லாமல் படம் எடுத்தார். ஏவி.எம். மாதிரி ஒரு நிறுவனம் அதற்குச் சம்மதித்தது அதைவிட ஆச்சரியம். வெளியானபோது கூட்டம் வரவில்லை என்பது ஊரறிந்த கதை. இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள், நிஜமாகவே சொல்கிறேன்.

1943 அக்டோபர் 11, சென்னை மேல் ஒரு ஜப்பானிய விமானம் குண்டு போட்ட நாள். அதையொட்டி ஒரு வீட்டில் ரேடியோ எஞ்சினியர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். சிவாஜி முதல் காட்சியிலேயே காலி. தம்பி, தம்பி மனைவி, காதலி, பக்கத்து வீட்டு சின்னையா பிள்ளை, மனைவி உஷா என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல ராஜனின் ஒவ்வொரு முகமாகத் தெரிகிறது. ஒற்றன் யார் என்றால், செத்துக் கிடக்கிறவனே. சுட்ட துப்பாக்கி இருந்தது மனைவி கையில். இந்தப் படத்தில் எந்தச் சாதிக்காரனும் எந்த ஊர்க்காரனும் எந்த முகவெட்டுக்காரனும் ஒற்றன் கிடையாது. தன் அறிவை இங்கே யாரும் மதிக்கவில்லை என்று கசந்துபோன ஒரு படித்த பையன், நம் வீட்டுப் பையன், அவ்வளவுதான். அவனைச் சந்தேகப்படுவது தெருவில் இருப்பவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். உஷாவாக வரும் பண்டரிபாய் முகத்தைப் பார்த்தால் தெரியும், அவளுக்கு அது எவ்வளவு பாடு என்று. லிட்டில் டோக்கியோ படத்துக்கும் இதற்கும் இருக்கும் தூரம் அந்த முகம்தான்.

ஒரே ஒரு மனக்குறை எனக்கு உண்டு. அந்தக் குண்டு விழுந்து பத்தே நாளில், அக்டோபர் 21 அன்று, சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். மலேயாவிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் அவர் படையில் சேர்ந்தார்கள். ஆகவே 1943-இல் ஜப்பான் பக்கம் சாய்ந்த எல்லோரையும் ராஜன் கணக்கில் எழுத முடியாது. ராஜன் போனது சொந்தக் கசப்பில், நேதாஜி வழியில் இல்லை, அதனால் படம் தப்பித்துக்கொள்கிறது. அந்த வழியில் போன ஒருவனையும் அதே வீட்டில் உட்கார வைத்திருந்தால் உஷா என்ன செய்திருப்பாள் என்று எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

இதைப் பேசும்போதெல்லாம் பாட்டி நினைவுக்கு வந்துவிடுகிறாள். 1942-இல் கல்யாணமாகி திருவல்லிக்கேணிக்கு வந்த கையோடு 'இவாக்குவேஷன்' என்று எல்லோரையும்போல மூட்டை கட்டிக்கொண்டு கும்பகோணம் போய், சில மாதம் கழித்துத் திரும்பி வந்தவள். ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியதையெல்லாம் நேற்று நடந்த மாதிரி சொல்வாள். அவர்கள் தெருவில் ஒருவர், கணக்குப்பிள்ளையோ என்னவோ, மொட்டை மாடியில் ரேடியோவுக்கு ஏரியல் கம்பி கட்டியிருந்தாராம். ஜப்பான்காரனுக்கு சேதி அனுப்புகிறார் என்று தெரு முழுக்கப் பேச்சு. யாரோ எழுதிப் போட, ஒருநாள் போலீஸ் வந்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று போய்விட்டது. அதற்கப்புறமும் அவர் வீட்டுக்கு யாரும் மோர் வாங்கக்கூடப் போனதில்லையாம்.

பாவம், கச்சேரி கேட்கக் கம்பி கட்டிய மனுஷனை இப்படிப் பண்ணிவிட்டீர்களே என்று ஒருமுறை நான் சொன்னேன். பாட்டிக்கு அப்போது 85 வயது. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அது சரிடா, மெட்ராஸ் ரேடியோக்காரன் கச்சேரி முடிச்சுத் தூங்கப் போனப்புறம் அவர் கதவைச் சாத்திண்டு என்னத்தைக் கேட்டுண்டிருந்தார்?" என்றாள்.