கோடை அரண்மனைக்குப் போகிறீர்களா, தனி கைடு வைத்துக்கொள்ளுங்கள்

பெய்ஜிங் போகிறேன், கோடை அரண்மனைக்குத் தனி கைடு தேவையா, வீண் செலவுதானே என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் என் பதில் ஒன்றுதான். ஹோட்டலில் மிச்சம் பிடியுங்கள், ஷாப்பிங்கில் மிச்சம் பிடியுங்கள், இதில் மட்டும் வேண்டாம்.

அரண்மனையும் தோட்டமுமாக ஏறக்குறைய 290 ஹெக்டேர், அதில் முக்கால் பங்கு தண்ணீர். கொடி பிடித்த கூட்டத்தோடு போனால் கிழக்கு வாசலில் நுழைத்து, 728 மீட்டர் நீள நடைக்கூடத்தில் விறுவிறுவென்று ஓட்டிக்கொண்டு போய், பளிங்குப் படகு முன்னால் போட்டோ எடுக்கவைத்து, நேராகப் பட்டுத்துணிக் கடையில் இறக்கிவிடுவார்கள். முன்பு எனக்கு அப்படித்தான் காட்டினார்கள். இந்த முறை குடும்பத்தோடு போனபோது எங்களுக்கென்று ஒரு கைடு. உள்ளூர்ப் பெண், அவசரப்படுத்தாதவர், எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தவர்.

எங்கே நிற்பது என்பதில்தான் அந்தத் தோட்டமே இருக்கிறது. குன்மிங் ஏரியின் கிழக்குக் கரையில் நிறுத்தி மேற்கே பார்க்கச் சொன்னார். ஏரி, அணைக்கரை மரங்கள், அதற்கும் அப்பால் ஒரு மலை, உச்சியில் கோபுரம். அந்தக் கோபுரம் தோட்டத்திலேயே இல்லை! வெளியே வேறொரு மலையில் நிற்கிறது. இடையில் எல்லை என்று ஒன்று இருப்பதே கண்ணில் படவில்லை, அதனால் அதுவும் தோட்டத்தோடு சேர்ந்துவிடுகிறது. 1750இல் சியான்லோங் பேரரசர் தன் அம்மாவின் அறுபதாம் பிறந்தநாளுக்காகத் தொடங்கிய வேலை இது, ஏரியை வெட்டி அகலப்படுத்தி அந்த மண்ணைத் தோட்டத்துக்குள் இருக்கும் மலைமேல் ஏற்றியிருக்கிறார்கள். சொல்ல ஆள் இல்லாவிட்டால் இயற்கையான ஏரி, இயற்கையான மலை என்றே நினைத்துக்கொண்டு திரும்பிவிடுவோம்.

அப்புறம், ஏரிக்கரை ஓரமாக ஒரு முற்றம். பக்கக் கூடத்தின் கதவுக்குப் பின்னால் அறைக்குப் பதில் செங்கல் சுவர். 1898இல் சீர்திருத்தம் கொண்டுவரப் பார்த்த குவாங்சு பேரரசரை, அவருடைய பெரியம்மாவும் ஆட்சியைக் கையில் வைத்திருந்தவருமான சிஷி பேரரசி இந்த முற்றத்தில்தான் அடைத்துவைத்தார், சுவர் அதற்காக எழுப்பியது. கூட்டம் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது, ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

தோட்டத்து மலை உச்சியில் மரமே சேர்க்காமல் செங்கல்லும் மெருகேற்றிய ஓடும் வைத்துக் கட்டிய ஒரு புத்தர் கோயில் இருக்கிறது. வெளிச்சுவர் முழுக்க வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன புத்தர்கள், மஞ்சளும் பச்சையுமாக. கீழ் வரிசைகளில் பல புத்தர்களுக்குத் தலை இல்லை, கை எட்டாத உயரத்தில் இருப்பவை முழுசாக இருக்கின்றன. 1860இல் சீனாவோடு நடந்த போரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் வைத்த தீயில் மரக் கட்டடங்கள் போய்விட, இது நின்றது.

அந்தத் தீயைப் பற்றிக் கேட்டோம். கைடு மழுப்பாமல் பதில் சொன்னார். பிரிட்டிஷ், பிரெஞ்சுத் தரப்பிலிருந்து பேச்சுவார்த்தைக்குப் போனவர்கள் சீனர்களிடம் பிடிபட்டு, பலர் சித்திரவதையில் செத்ததற்குப் பழிவாங்க பிரிட்டிஷ் தூதர் எல்கின் பிரபு போட்ட உத்தரவு, அக்டோபர் 18. பக்கத்திலிருந்த பழைய கோடை அரண்மனையும் அப்போது எரிந்ததுதான், இன்றும் இடிபாடாகக் கிடக்கிறது. இதே எல்கின்தான் 1862இல் நமக்கு வைஸ்ராயாக வந்து, மறுவருடம் தரம்சாலாவில் இறந்தவர். அந்தப் படையெடுப்பில் நம் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவும் போயிருக்கிறது, ‘பீக்கிங் 1860’ (பீக்கிங் என்பது பெய்ஜிங்கின் பழைய பெயர்) அவர்களுடைய போர் விருதுகளில் ஒன்று. இது தெரிந்தபிறகு அந்த மலையில் வெறும் டூரிஸ்ட்டாக நிற்க என்னால் முடியவில்லை.

பளிங்குப் படகையும் விடவில்லை. அடிப்பாகம் மட்டும் கல், மேலே இருப்பது மரம், பளிங்கு போலத் தெரிய வண்ணம் பூசியிருக்கிறார்கள். கடற்படைக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியை சிஷி இந்தத் தோட்டத்தைத் திரும்பக் கட்டத் திருப்பிவிட்டார். படகின் இந்த மேல்பகுதி 1893இல் கட்டியது. அடுத்த வருடமே ஜப்பானோடு போர், கடற்படை நொறுங்கியது. தோல்விக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அந்தப் படகைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

போகிறவர்கள் கைடிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்: கடை வேண்டாம், காலையில் வாசல் திறக்கும்போதே உள்ளே போக வேண்டும், மலையின் பின்பக்கமும் பார்க்க வேண்டும், அரை நாளாவது வேண்டும். சரி என்று சொல்லாதவர் என்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.