பிறந்தநாள் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு வீட்டைக் கவனியுங்கள்

"பையனுக்குப் பிறந்தநாள் வருது, ஈரோடு பக்கத்துல நல்ல அநாதை இல்லம் ஏதாவது இருந்தாச் சொல்லுங்க, பிள்ளைகளுக்கு ஒரு நேரம் சாப்பாடு போடலாம்னு இருக்கோம்." சபையில், வேலை செய்யும் இடத்தில், சொந்தத்தில் என்று பல பேர் என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் நான் இப்போது எந்த இல்லத்தின் பெயரையும் சொல்வதில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நான் கிறிஸ்தவள். ஈரோட்டிலிருந்து காவிரிக்கு அந்தக் கரையில், பள்ளிபாளையத்தில், தறி ஓட்டுகிறவர்களின் பிள்ளைகளுக்கு எங்கள் சபை ஒரு மாலை வகுப்பு நடத்துகிறது. அங்கே கணக்கு சொல்லித் தருகிறேன். அந்தப் பிள்ளைகள் யாரும் அநாதை இல்லை. ஆனால் அவர்களில் யார் வேண்டுமானாலும் அடுத்த ஜூனில் ஏதாவது ஓர் ஊரில், ஏதாவது ஓர் இல்லத்தில் இருக்கலாம். அதற்கு அம்மா அப்பா சாக வேண்டியதில்லை, கடன் ஒன்று போதும்.

தறிப்பட்டறையில் வேலைக்குச் சேரும்போதே முதலாளியிடம் முன்பணம் வாங்குவார்கள். கல்யாணம், வைத்தியம், பழைய இடத்துப் பாக்கி, எதற்கோ ஒன்றுக்கு. அந்தப் பணம் தீரும்வரை வேறு பட்டறைக்கு நகர முடியாது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. தறியில் ஏற்றுகிற பாவு நூல் வராத நாளில் கூலி கிடையாது, குழுக் கடனுக்கு மட்டும் வாரத் தவணை வந்து நிற்கும். அப்பா குடிக்கிறவராக இருந்தாலோ, இறந்துபோனாலோ, எட்டாவது படிக்கிற பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தறிக்கு நூல் சுற்றுகிற தார் வேலைக்கு வந்துவிடும். கடனை அடைக்க வழியில்லாமல் கிட்னியை விற்ற செய்தி இதே பள்ளிபாளையத்திலிருந்து 2025-லும் வந்தது. திருப்பூர், கோவைப் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பெண் பிள்ளைகளை மூன்று வருஷம் விடுதியில் வைத்து வேலை வாங்கி, கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொன்னதும் நம் கொங்கு நாட்டுக் கதைதான். வேர் எல்லாம் ஒன்றே.

புருஷனை இழந்த ஓர் அம்மா ஒரு நாள் வகுப்பு முடிகிற நேரத்துக்கு வந்தார். "மூணு நேரமும் சோறு போடறாங்களாம்ங்க டீச்சர், இங்கிலீஸ் மீடியமாம்ங்க. இவனக் கொண்டுபோயி உட்டுட்டா அவனாச்சும் நல்லாருப்பான். நானு என்னங்க பண்ணட்டும்?" என்றார். பையன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு அம்மா இருக்கிறாள், வீடு இருக்கிறது, பள்ளிக்கூடம் நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது. வாடகைப் பாக்கியும் சாப்பாடும்தான் அவனை அவளிடமிருந்து பிரிக்கப் பார்த்தன.

சபையில் சில பேர் சேர்ந்து வாடகைப் பாக்கியைக் கட்டினோம். அதைவிடப் பெரிய வேலை அரசாங்கப் பணத்தை வாங்கிக் கொடுத்ததுதான். மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கணவனை இழந்த தாயிடம் வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000-க்குள், மற்ற இடங்களில் 96,000-க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகும். இந்தத் திட்டம் இருப்பதே அந்த அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தாலும் இறப்புச் சான்று, வருமானச் சான்று, பள்ளிச் சான்று, வங்கிக் கணக்கு என்று அலைய அவருக்கு ஏது நாள்? ஒரு நாள் ஷிப்டை விட்டால் ஒரு நாள் கூலி போச்சு. கூட நடக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதற்குச் சபையில் ஓய்வுபெற்ற ஓர் அண்ணன் இருந்தார், அவ்வளவுதான்.

நம்பிக்கை சார்ந்த வேலை என்றால் எனக்கு இதுதான். அதிகாரிக்கு மாற்றல் வந்துவிடும், திட்டத்தின் பெயர் மாறிவிடும். கோயிலோ ஆலயமோ பள்ளிவாசலோ அதே தெருவில் இருக்கும், அதே ஆட்கள் வாராவாரம் வருவார்கள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். எங்கள் வேதத்தில் திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் பெரும்பாலும் சேர்ந்தேதான் வருகிறார்கள். தாயை விசாரிக்காமல் பிள்ளையை மட்டும் எடுத்து வளர்ப்பதற்கு அங்கே எனக்கு இடம் தெரியவில்லை.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை. கம்பேஷன் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1952-ல் கொரியப் போர் அநாதைகளுக்காகத் தொடங்கியது. பிறகு அதன் வேலை பெரும்பாலும் வேறு வகைக்கு மாறியது: பிள்ளை தன் வீட்டிலேயே இருக்கும், பள்ளி நேரம் போக உள்ளூர்ச் சபைக்கு வந்து படிக்கும், சாப்பிடும், மருத்துவப் பரிசோதனை நடக்கும். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் புரூஸ் வைடிக் உள்ளிட்ட மூன்று பொருளாதார அறிஞர்கள் இதை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஒரு வருஷத்துக்கும் மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள், மேல்நிலைப் பள்ளியை முடித்தவர்கள் 12 முதல் 18 சதவீதப் புள்ளிகள் அதிகம். இந்தோனேசியாவில் பிள்ளைகளைத் தங்களைத் தாங்களே வரையச் சொல்லி, அந்தப் படங்களில் நம்பிக்கையும் மகிழ்ச்சியும் கூடியிருப்பதையும் பிறகு காட்டினார்கள். வீட்டை விட்டு வராமலேயே இவ்வளவும் நடந்திருக்கிறது.

அந்த அமைப்பு 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டுப் போக வேண்டியதாயிற்று. மதமாற்றக் குற்றச்சாட்டு எழுந்தது, அவர்கள் மறுத்தார்கள், வெளிநாட்டுப் பணம் வர அனுமதி கிடைக்கவில்லை. ஒன்றரை லட்சத்துக்கு நெருக்கமான பிள்ளைகளுக்கு உதவி நின்றுபோனது. இதில் எனக்கு இரண்டு கருத்து உண்டு. ஒன்று, பசித்த வீட்டுப் பிள்ளையிடம் ஜெபம் செய்தால்தான் சோறு என்று யாராவது சொன்னால் அது பாவம். மறுக்கிற நிலையில் இல்லாதவனிடம் சம்மதம் கேட்பதே தப்பு. எங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் மாரியம்மன் பண்டிகைக்குத் தீர்த்தக்குடம் எடுத்துவிட்டு மஞ்சள் துணியோடுதான் கணக்குப் போட வருவார்கள், அப்படித்தான் வர வேண்டும். இன்னொன்று, நம் ஊர்ப் பிள்ளைக்கு அமெரிக்காவிலிருந்து பணம் வர வேண்டும் என்று ஏன் இருக்க வேண்டும்? கொங்கு நாட்டில் கல்யாண மண்டபத்துக்கும் தேர்த் திருவிழாவுக்கும் பணம் இல்லாமல் போனதை நான் பார்த்ததில்லை.

விடுதியே கூடாது என்று சொல்லவில்லை. கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கும் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தை அவினாசிலிங்கம் 1930-ல் தொடங்கியபோது, தாழ்த்தப்பட்ட பிள்ளைக்குப் பள்ளிக்கூட வாசலே அரிது. மிஷனரிகள் நடத்திய போர்டிங்குகளும் அந்தக் காலத்துக்குத் தேவைதான். இன்றைக்கும் பர்கூர், தாளவாடி மலைப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உயர்நிலைப் பள்ளி இல்லாவிட்டால் விடுதிதான் வழி. வீட்டில் அடி உதையோ அதைவிட மோசமானதோ நடந்தாலும் பிள்ளையை வெளியே கொண்டுவரத்தான் வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு உடனே கூப்பிடுங்கள். ஆனால் வறுமைக்காக மட்டும் பிள்ளையை இடம் மாற்றுவது வேறு விஷயம். இளைஞர் நீதிச் சட்டம் 2015-ம் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது.

ஆகவே ஓர் இல்லத்துக்கு உதவித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் அந்தச் சட்டத்தின் 41-ம் பிரிவுப்படி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். குழந்தைகள் நலக் குழு மூலமாகத்தான் பிள்ளைகள் வந்தார்களா, எத்தனை பேருக்கு அம்மா இருக்கிறாள், வீட்டுக்குத் திரும்ப அனுப்ப என்ன முயற்சி நடக்கிறது என்று கேளுங்கள். நல்ல இல்லம் நடத்துகிறவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். அப்புறம், போட்டோ. தட்டோடு வரிசையில் உட்காரவைத்து, உங்கள் பிள்ளைக்கு அவர்களைப் பாட்டுப் பாடவைத்து, அந்தப் படத்தை முகநூலில் போடாதீர்கள். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தையும் படத்தையும் வெளியிடுவதை அதே சட்டத்தின் 74-ம் பிரிவு தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், நாளைக்கு அந்தப் பிள்ளை வேலைக்குப் போகும் இடத்தில் அந்தப் படம் சுற்றினால் எப்படி இருக்கும்?

உங்கள் தெருவில், உங்கள் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்களில், புருஷன் இல்லாமல் பிள்ளை வளர்க்கிற பெண் யார் என்று விசாரியுங்கள். 4,000 ரூபாய் விண்ணப்பத்தை அவரோடு போய்க் கொடுங்கள். பத்தாவதில் தோற்ற பிள்ளையைத் தறிக்கு அனுப்பாமல் துணைத் தேர்வுக்கு உட்காரவையுங்கள். அரசுப் பள்ளியில் படித்துப் பன்னிரண்டாவதைத் தாண்டிவிட்டால் கல்லூரியில் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் வரும். கஷ்டம் அதுவரைக்கும்தான்.

எங்கள் மாலை வகுப்பில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் சொல்லித்தர ஆள் இல்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம், ஈரோடு பக்கம் இருப்பவர்கள் யாராக இருந்தாலும், எந்தச் சாமி கும்பிட்டாலும், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள்.