சேனலுக்கும் உச்சவரம்பு வேண்டும்

ஒரு முதலாளி இந்தியாவில் எத்தனை டிவி சேனல்களை வைத்துக்கொள்ளலாம்? எத்தனை வேண்டுமானாலும். நிலத்துக்கு உச்சவரம்புச் சட்டம் போட்ட நாடு இது. எஃப்.எம். வானொலிக்குக்கூட 2022 வரை தேசிய வரம்பு இருந்தது: நாட்டின் மொத்த அலைவரிசைகளில் 15 சதவீதத்துக்கு மேல் ஒரே நிறுவனம் வைத்திருக்கக் கூடாது. இத்தனைக்கும் தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி வாசிக்கவே அனுமதி கிடையாது. பாட்டுப் போடுகிறவருக்கு அத்தனை காலம் வரம்பு வைத்திருந்த நாம், 24 மணி நேரமும் செய்தி சொல்கிறவரை அவிழ்த்துவிட்டிருக்கிறோம்.

வரம்பு முழுக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கேபிளில் ஓர் உள்ளூர்ச் சேனல் வருகிறது. படம் கொஞ்சம் மங்கல்தான். கீழே ஓடும் எழுத்தில் பசுந்தேயிலை விலை, நாளைய மின்தடை, இரங்கல் செய்தி, தள்ளுபடி விற்பனை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இடையிடையே படுகப் பாட்டு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, பெரிய சேனல்கள் ஒரே வெள்ளக் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தன. குஞ்சப்பனை வழியில் மரம் விழுந்திருக்கிறதா, மேட்டுப்பாளையத்துக்கு பஸ் இறங்குகிறதா என்பதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. அதைச் சொன்னது அந்த மங்கல் சேனல்தான்.

இப்படிப்பட்ட சேனல்களுக்கு 2022 நவம்பரில் மத்திய அரசு விதிமுறை வகுத்தது. ஒரு கேபிள் நிறுவனம் தன் மொத்தச் சேனல்களில் 5 சதவீதத்துக்கு மேல் சொந்தச் சேனல் நடத்தக் கூடாது. உள்ளூர்ச் செய்தி சொல்ல வேண்டுமானால் கம்பெனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். ஒழுங்கு தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த மாதம் இது வந்தது என்று கவனியுங்கள். அதே மாதத்தில்தான் என்டிடிவியை வாங்க, அதன் மற்ற பங்குதாரர்களிடம் பங்கு கேட்டு அதானி குழுமம் விடுத்த பொது அழைப்பு நடந்துகொண்டிருந்தது.

அந்த விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகவே நினைவுபடுத்த வேண்டும். 2009-10இல் என்டிடிவி நிறுவனர்கள் தங்கள் பங்குகளை வைத்திருந்த ஹோல்டிங் கம்பெனி 400 கோடி ரூபாய்க்குச் சற்று மேல் கடன் வாங்கியது. கடன் கொடுத்தது வெளியே யாருக்கும் பெயர் தெரியாத ஒரு கம்பெனி. 2022 ஆகஸ்டில் அந்தக் கம்பெனியை அதானி குழுமம் வாங்கியது. கடன் பத்திரத்திலிருந்த உரிமையைப் பயன்படுத்தி என்டிடிவியின் 29.18 சதவீதப் பங்கைத் தன் பக்கம் இழுத்தது. எங்களைக் கேட்கவே இல்லை என்றார்கள் நிறுவனர்கள். அடமானம் வைத்தவன் வீட்டில் உட்கார்ந்திருக்க, பவர் பத்திரம் கைமாறி நிலம் போவதைப் போலத்தான். 25 சதவீதத்தைத் தாண்டியதால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி இன்னும் 26 சதவீதத்துக்குப் பொது அழைப்பு விடுக்க வேண்டியிருந்தது. பங்குக்கு 294 ரூபாய். டிசம்பரில் நிறுவனர்களும் தங்கள் பங்கில் பெரும்பகுதியை விற்றுவிட்டார்கள்.

இதில் செபியைக் குறை சொல்ல மாட்டேன். சிறு பங்குதாரருக்கு நியாயமான விலை கிடைத்ததா என்று பார்ப்பது அதன் வேலை. பார்வையாளருக்கு என்ன ஆகும் என்று கேட்பது யார் வேலை?

ரிலையன்ஸும் டிஸ்னியும் 2024இல் இணைந்தபோதும் இதே கதை. சுமார் 70,000 கோடி ரூபாய் மதிப்பு, நூறுக்கு மேற்பட்ட சேனல்கள். விஜய் டிவியும் கலர்ஸ் தமிழும் ஒரே கூரையின் கீழ் வந்தன. போட்டி ஆணையம் சும்மா இருக்கவில்லை. கிரிக்கெட் விளம்பர நேரத்தை டிவிக்கும் செயலிக்கும் சேர்த்துக் கட்டி விற்க மாட்டோம் என்று உறுதி வாங்கியது, சில சேனல்களை விற்கவும் வைத்தது. விளம்பரம் கொடுக்கும் சோப்புக் கம்பெனிக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. மகிழ்ச்சி.

“தமிழ்நாட்டில் எல்லாச் சேனலும் ஏதோ ஒரு கட்சியினுடையதுதானே, இதில் புதிதாக என்ன?” என்று கேட்பீர்கள். என் பதில் சிலருக்குப் பிடிக்காது: கட்சிச் சேனல் எனக்கு அவ்வளவு பயமில்லை. லோகோவைப் பார்த்தாலே யார் வீட்டுச் சரக்கு என்று தெரிந்துவிடுகிறது. மூன்று சேனல்களைப் பார்த்து, கூட்டி, மூன்றால் வகுத்துக்கொள்ள நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகவே தெரியும். துறைமுகமும் சுரங்கமும் தொலைபேசியும் நடத்துகிறவர் சேனலும் நடத்தும்போது அந்தக் கணக்கு உதவாது. எந்தச் செய்தி வராமல் போனது என்பதை எதை வைத்து வகுப்பது?

அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. ஊடக உடைமைக்குக் கட்டுப்பாடு வேண்டும், கட்சிகள் சேனல் நடத்தக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014இல் பரிந்துரைத்தது. சட்டம் வரவில்லை. 2022 ஏப்ரலில் அதே விஷயத்துக்கு மறுபடியும் ஒரு ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. கேட்பதில் மட்டும் டிராய்க்குச் சலிப்பே இல்லை.

அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தின் ஒளிபரப்பு நிலையங்கள் நாட்டின் 39 சதவீத வீடுகளுக்கு மேல் எட்டக் கூடாது என்று 2004இல் நாடாளுமன்றமே எண் குறித்தது. அதை உடைக்க அங்கே கம்பெனிகள் ஓயாமல் முட்டுகின்றன, அது வேறு. பிரிட்டனில் பெரிய ஊடகம் கைமாறினால், பல குரல்கள் மிஞ்சுமா என்று தனியாக விசாரிக்க அமைச்சர் உத்தரவிடலாம்.

நமக்கு நான் கேட்பது இவ்வளவுதான். ஒரு மொழியின் மொத்தப் பார்வை நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே குழுமத்திடம் இருக்கக் கூடாது. செய்திச் சேனல் கைமாறினால் செபிக்கும் போட்டி ஆணையத்துக்கும் அப்பால் பொது விசாரணை நடக்க வேண்டும். கடன் கொடுத்தவர் யார் என்பதும் அதில் வெளியே வர வேண்டும். மூன்றில் ஒரு பங்கு அதிகம், கால் பங்கு போதும் என்பவர்கள் கீழே எழுதுங்கள், நானும் இறங்கி வரத் தயார்.