ஒரு வாஷர் குறைகிறது

(சித்தப்பாவைவிட மூத்த பைக், முன்சக்கரம் இல்லாமல் மரக்கட்டைமேல் நிற்கிறது. தரையில் விரித்த பழைய செய்தித்தாளில் உதிரிகள்.)

மீனா: இது எத்தனை மாதமாக இப்படி முட்டி போட்டு நிற்கிறது?

சித்தப்பா: ஏழு. இன்றைக்கு எழுந்துவிடும். முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கில் இடது காலை நேற்றே தனியாக மாட்டிவிட்டேன். வலதுக்குத்தான் கூட ஒரு ஆள் வேண்டும்.

மீனா: கழற்றும்போது போட்டோ எடுத்தீர்களா?

சித்தப்பா: 1935-லேயே பி.எம்.டபிள்யூ ஆர்12 பைக்கில் எண்ணெய் ஊற்றிய, ஒன்றுக்குள் ஒன்று நழுவுகிற டெலஸ்கோப்பிக் ஃபோர்க் வந்துவிட்டது. அதைக் கழற்றிய மெக்கானிக் எல்லாம் போனில் போட்டோவா எடுத்தான்? எல்லாம் இங்கே இருக்கிறது. (தலையைத் தட்டுகிறார். நெற்றியில் கிரீஸ் பதிகிறது.)

மீனா: சரி, நான் என்ன செய்ய?

சித்தப்பா: பைப்புக்குள் குலுக்கலை அடக்குகிற டாம்பர் ராடு போட்டாயிற்று. பைப்பை அடிக்கூடு, அதுதான் பாட்டம் கேஸ், அதில் இறக்கியாயிற்று. கீழே இருந்து இந்த ஆலன் போல்ட்டை முறுக்கினால்... முறுக்கினால்... முறுக்கிக்கொண்டே இருக்கிறேனே!

மீனா: போல்ட்டோடு உள்ளே ராடும் சேர்ந்து சுற்றுகிறது, சித்தப்பா. நாம் எது சொன்னாலும் தலையாட்டுகிற ஆள் மாதிரி. வேலை மட்டும் நடக்காது.

சித்தப்பா: நேற்றும் இதே கதைதான். ஒரு மணி நேரம். ஸ்பிரிங்கை மேலே போட்டு, பலம் கொண்ட மட்டும் அழுத்து. ராடு அசையாமல் நிற்கும்.

(மீனா ஃபோர்க்கைக் கட்டிப்பிடித்துத் தொங்குகிறாள். போல்ட் இறுகுகிறது.)

சித்தப்பா: அப்படித்தான்! அடுத்தது எண்ணெய் மேலே கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையம், ஆயில் சீல்.

மீனா: எந்தப் பக்கம் மேலே?

சித்தப்பா: வட்டத்துக்கு ஏது பக்கம்?

மீனா: ஒரு பக்கம் மொழுக்கென்று இருக்கிறது. மறுபக்கம் உதட்டைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங் ஓடுகிறது. அந்த ஸ்பிரிங் பக்கம்தான் எண்ணெயைப் பார்க்க வேண்டும்.

சித்தப்பா: அனுபவம் இல்லாதவள் பேசுகிறாய்.

மீனா: மேல்பக்கத்தில் ‘அவுட்சைட்’ என்று அச்சடித்தே இருக்கிறது.

சித்தப்பா: ...அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

(பைப் விளிம்பு சீலைக் கிழிக்காமல் இருக்க பிளாஸ்டிக் பையைச் சுற்றி, சீலை இறக்கித் தட்டி, லாக்கையும் போடுகிறார்கள். பிறகு ஸ்பிரிங்கை வெளியே எடுக்கிறார்கள்.)

சித்தப்பா: எண்ணெயைக் கொஞ்சம் கெட்டியாகவே ஊற்றுவோம். அளவையும் கூட்டிவிடலாம். உறுதியாக இருக்கும்.

மீனா: சின்னத் துளை வழியாக எண்ணெய் பிதுங்கிப் போகிற வேகம்தான் குலுக்கலை அடக்குகிறது. கெட்டியாக ஊற்றினால் ஃபோர்க் கடப்பாரை ஆகிவிடும். மேனுவலில் போட்டிருப்பதையே ஊற்றுங்கள்.

சித்தப்பா: எதையும் ஒரு பிடி கூடுதலாகப் போட்டுத்தான் எனக்குப் பழக்கம்.

(ஊற்றுகிறார். மேலும் கீழுமாக நாலு முறை இழுத்து அழுத்துகிறார். காற்று குமிழியிடுகிறது.)

மீனா: சித்தப்பா, என் செருப்பில் சொட்டுகிறது.

சித்தப்பா: வியர்வையாக இருக்கும்.

மீனா: சிவப்பாகவா? போல்ட் தலை வழியாக வருகிறது. அடியில் ஒரு செம்பு வாஷர் இருக்க வேண்டுமே?

சித்தப்பா: அதற்குத்தான் காந்தம் வைத்திருக்கிறேன். (தரையெல்லாம் துழாவுகிறார். மூன்று ஆணி, ஒரு ஹேர்பின், எப்போதோ தொலைந்த நட்டு ஒன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன.)

மீனா: செம்பு காந்தத்தில் ஒட்டாது.

சித்தப்பா: (தேடுவதை நிறுத்தாமல்) ஒட்டினால் நல்லதுதானே.

மீனா: நேற்று இடது காலில் எத்தனை வாஷர் போட்டீர்கள்?

(அமைதி. சொட்டு விழும் சத்தம்.)

சித்தப்பா: தட்டில் ரெண்டு இருந்தது. கசியாமல் உறுதியாக இருக்கட்டுமே என்று...

மீனா: அப்போது ரெண்டு கால் எண்ணெயையும் வடிக்க வேண்டும்.

சித்தப்பா: அதெல்லாம் பத்து நிமிட வேலை. அந்த ஆலன் கீயை எடு. ஏய், போனை எதற்கு எடுக்கிறாய்?

மீனா: போட்டோ எடுக்க.